ஆளில்லாத நாற்காலிக்குக் காற்று

அத்தியாயம் நான்கு

அண்ணிக்கு அன்று காலையிலிருந்து ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. எங்கேயாவது உட்கார வேண்டும், உட்கார்ந்த பிறகு யாரும் எதுவும் கேட்கக் கூடாது. ஆனால் துப்பறியும் தொழிலில் நாற்காலி கொடுப்பவர்கள் எல்லாம் கூடவே ஒரு கேள்வியையும் கொடுத்துவிடுகிறார்கள்.

அவளை முதலில் அண்ணி என்று கூப்பிட்டது கொழுந்தன். கணவரின் தம்பி வேறு எப்படிக் கூப்பிடுவான்? அவன் அவளிடமே உதவியாளனாகச் சேர்ந்த பிறகு வாடிக்கையாளர்கள், வக்கீல்கள், மாட்டிக்கொண்டவர்கள் எல்லோருக்கும் அவள் அண்ணியாகிவிட்டாள். பதிலுக்கு அவனையும் ஊரே கொழுந்தன் என்றது. வயது நாற்பதைத் தாண்டிவிட்டது, வாய்க்கு மட்டும் இன்னும் பதினாறு. அலுவலகப் பெயர்ப்பலகையில் இருப்பது கணவரின் பெயர்தான். அவர் முதுகுவலியோடு வீட்டில் இருக்கிறார். மத்தியானம் ஒரு தடவை ஃபோன் செய்து "சாப்பிட்டியா?" என்று கேட்பதைத் தவிர நிறுவனத்தில் அவருக்கு இப்போது வேறு வேலை கிடையாது.

பெரிய சாரின் அறை ஏழாவது மாடியில் இருந்தது. அந்தச் சரக்குப் போக்குவரத்துக் கம்பெனியில் முதலாளிக்கு அடுத்தபடி அவர்தான். அறையில் ஏசி போட்ட போட்டில் அண்ணிக்கு மூட்டுக்குள் ஊசி ஏறியது. அவரே கோட்டுப் பொத்தானைக் கழுத்து வரை மாட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார். அப்படியும் பக்கத்துச் சின்ன மேசையில், புகைப்படச் சட்டங்களுக்குப் பின்னால், ஒரு மேசை விசிறி தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டிக்கொண்டிருந்தது. அண்ணி நாற்காலியை அதனிடமிருந்து தள்ளிப் போட்டுக்கொண்டாள்.

"சாயங்காலம் கடிதம் கொடுக்கப் போறேன். வேலையை விட்டு எடுக்கற கடிதம்" என்றார் பெரிய சார். பழுப்பு உறை ஒன்று அவர் முன்னால் ஒட்டித் தயாராக இருந்தது.

"யாருக்கு?"

"நாலாவது மாடியில கட்டமைப்புக் குழுன்னு ஒண்ணு இருக்கு. அதோட தலைவிக்கு. இந்தக் கம்பெனியில எத்தனை மென்பொருள் ஓடுதுன்னு எனக்கே தெரியாதுங்க. கணக்குக்கு ஒண்ணு, கிடங்குக்கு ஒண்ணு, லாரிக்கு ஒண்ணு. எது எதோட பேசுது, எதைப் பிடுங்கினா எது விழும்னு படம் போட்டு வெக்கறதுதான் அவங்க வேலை. பதினாறு பேர்."

"படம் போட ஒரு மென்பொருள் வேணுமே. அது பதினேழாவது ஆளா?" என்றான் கொழுந்தன்.

"அதுக்குத்தான் இப்ப உரிமம் வாங்கறோம். சோதனைக்குன்னு ஒரு மாசம் பத்து உரிமம் சும்மா கொடுத்திருக்காங்க. ஆளுக்கு ஒண்ணுன்னு இல்லை, பொது உரிமம்."

"வாடகை சைக்கிள் கடை மாதிரி" என்றாள் அண்ணி. "பத்து சைக்கிள். ஒருத்தர் கொண்டுவந்து விட்டாத்தான் அடுத்தவர் எடுக்க முடியும்."

"அதேதான். பத்து நிமிஷம் சும்மா விட்டா அதுவே பிடுங்கி அடுத்தவங்களுக்குக் கொடுத்துடும். அவங்க குழுவுல நிஜமா கோடு போடறது நாலஞ்சு பேர். மத்தவங்களுக்கு மீட்டிங் போகவே நாள் பத்தாது. ஆனா அந்த அம்மா எழுதிக் கொடுத்திருக்கறது எத்தனை தெரியுமா? இருபத்தஞ்சு. ஏன்னு கேட்டா, பத்தும் எப்பவும் நிரம்பியே இருக்குதாம்."

"இருக்கலாமே."

"விக்கிற கம்பெனியில இருந்து வந்தவர் யார்னு கேளுங்க. அந்த அம்மாவோட கூடப் பிறந்த அக்கா வீட்டுக்காரர்."

கொழுந்தன் விசிலடிக்க உதட்டைக் குவித்தான். அண்ணி திரும்பிப் பார்த்ததும் அதைக் கொட்டாவியாக மாற்றிக்கொண்டான்.

"அத்தானுக்கு வியாபாரம் ஆகணும்னு பத்து இடத்தையும் யாரையோ வெச்சு அடைச்சிருக்காங்க. எப்படின்னு மட்டும் சாயங்காலத்துக்குள்ள கண்டுபிடிச்சுக் கொடுங்க."

"கடிதம்தான் எழுதி ஒட்டியாச்சே. அப்புறம் நாங்க எதுக்கு?"

"நியாயமா நடந்துக்கணும் இல்லையா?" என்றார் பெரிய சார்.

லிஃப்டில் இறங்கும்போது கொழுந்தன் சொன்னான்: "அண்ணி, நம்மளைக் கூப்பிட்டது கல்யாணம் முடிஞ்சப்புறம் ஜாதகம் பாக்கறதுக்கு."

"முட்டி வலிக்குது. நாலாவது மாடி வர்ற வரைக்கும் வாயை மூடிட்டு வா."

"மூணு மாடிதானே, முயற்சி பண்றேன்."

நாலாவது மாடி ஒரு நீளமான கூடம். இடுப்பளவு தடுப்புகள், சாம்பல் நிறத் தரைவிரிப்பு, ஜன்னலுக்கு வெளியே எதிர்க் கட்டடத்தின் ஜன்னல்கள். இங்கேயும் அதே குளிர். குழுத் தலைவி ஓர் ஓரத்தில் உட்கார்ந்து இரும்பு ஸ்கேல் வைத்துக் காகிதத்தில் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். குழுவில் எல்லோரும் அவளை ஸ்கேல் மேடம் என்றுதான் சொல்வார்கள், அது அவளுக்கும் தெரியும். நாற்பத்தெட்டு வயது, சரியாகத் தூங்காத கண்கள், காதோரம் செருகிய பென்சில்.

"மென்பொருளுக்கு இருபத்தஞ்சு உரிமம் கேட்டுட்டு நீங்க பென்சில்ல வரையறீங்களே?" என்றாள் அண்ணி, நாற்காலியைத் தானே இழுத்துப் போட்டுக்கொண்டு.

ஸ்கேல் மேடம் திரையைத் திருப்பிக் காட்டினாள். பெரிய எழுத்தில், பத்தில் பத்து, இடம் இல்லை, பிறகு முயலவும்.

"ஒரு மாசமா இதைத்தான் பாக்கறேன். பொண்ணை ஸ்கூல்ல விட்டுட்டு நான் வந்து சேர்றதுக்குள்ள நிரம்பிடும். சாயங்காலம் வரைக்கும் குறையாது. எனக்கே இடம் கிடைக்கலைன்னா குழுவுக்கு எவ்வளவு தேவைன்னு நீங்களே சொல்லுங்க. அதான் இருபத்தஞ்சு கேட்டேன்."

"உள்ள யார் யார் இருக்காங்கன்னு காட்டாதா?"

"சோதனைக்குக் கொடுத்ததுல எண்ணிக்கை மட்டும்தான் தெரியும். வாங்கினப்புறம்தான் பேர் காட்டும். இந்த மாசத்துக் கணக்கையும் சேர்த்தே காட்டும்."

"தாலி ஏறினப்புறம்தான் முக்காட்டை எடுப்பாங்க போல" என்றான் கொழுந்தன்.

அவள் சிரிக்கவில்லை. சிரிக்கும் நிலைமையில் அவள் இல்லை என்பது அண்ணிக்குத் தெரிந்தது. "உங்க அத்தான் விஷயத்தை ஏன் முன்னாடியே மேல சொல்லலை?"

"அக்காவும் நானும் பேசி நாலு வருஷம் ஆச்சு. அத்தான் என்ன வேலை பாக்கறார்னே எனக்குத் தெரியாது. இந்த மென்பொருளை ஓட்டிக் காட்டறேன்னு இங்க வந்து நின்னப்பதான் பாத்தேன். அவரும் தெரியாத மாதிரியே வணக்கம் வெச்சார். அன்னிக்கே போய்ச் சொல்லியிருக்கணும். சொன்னா ஏன் பேச்சு இல்லை, என்ன சண்டைன்னு ஆரம்பிச்சு எங்க வீட்டுக் கதை பூரா சொல்லணும். அலுப்பா இருந்துச்சு, விட்டுட்டேன்." பென்சிலைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி செருகிக்கொண்டாள். "சாயங்காலம் கடிதம் வரும்னு மேல இருந்து சொல்லிட்டாங்க. வேலை போறது கூடப் பரவாயில்லைங்க. அத்தானுக்காக ஆபீஸை ஏமாத்தினவன்னு பேர் வாங்கிட்டு இந்த வயசுல வெளியே போனா, வேற எந்தக் கதவைத் தட்டறது? என் பொண்ணுகிட்ட என்னன்னு சொல்றது?"

அண்ணி ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. பொய் ஆறுதலைச் சொல்லும் தெம்பு அன்றைக்கு அவளிடம் இல்லை. மூட்டைப் பிடித்துக்கொண்டு எழுந்து கூடத்தைச் சுற்றி நடந்தாள்.

குழு பூராவும் பக்கத்து மீட்டிங் அறைக்குப் போயிருந்தது. மூன்று பேர் மட்டும் மேசையில் குனிந்து வரைந்துகொண்டிருந்தார்கள். மிச்ச நாற்காலிகள் காலி. நாற்காலிக்கு நாற்காலி ஒரு ஸ்வெட்டரோ சால்வையோ தொங்கியது. மேசைக்கு மேசை சின்ன விசிறி வேறு. சில சும்மா நின்றன, சில யாருமில்லாத நாற்காலியைப் பார்த்து மும்முரமாகத் தலையாட்டிக்கொண்டிருந்தன.

கொழுந்தன் ஒரு காலி நாற்காலியில் உட்கார்ந்து காற்று வாங்கினான். உடனே எழுந்துவிட்டான். "அண்ணி, இங்க ஐஸ் வெச்சாக்கூட உருகாது. இதுல ஃபேன் வேறயா? ஆவிக்குப் புழுக்கமா இருக்கோ?"

"எத்தனை ஓடுது, எண்ணு."

"ஆறு."

"ஆறும் ஆளில்லாத மேசையில."

"ஆமா. ஆள் இருக்கற மூணு மேசையிலயும் ஃபேன் நிக்குது." சொல்லிவிட்டு அவனே தலையைச் சொறிந்தான். "மனுஷனுக்கு வேண்டாம், நாற்காலிக்கு மட்டும் வேணுமா?"

அண்ணி அந்த விசிறியின் அருகே குனிந்தாள். குனிவதற்கு ஒரு முனகல், பார்ப்பதற்கு ஒரு நொடி. விசிறியின் கம்பிக் கூண்டிலிருந்து மெல்லிய நூல் ஒன்று இறங்கி மேசைமேல் இருந்த மவுஸின் வாலில் கட்டப்பட்டிருந்தது. விசிறி இடப்பக்கம் தலையைத் திருப்பினால் நூல் இழுத்தது, மவுஸ் ஒரு விரற்கடை நகர்ந்தது. வலப்பக்கம் திரும்பினால் நூல் தளர்ந்தது, ஒயரின் முறுக்கில் மவுஸ் பழைய இடத்துக்கே வந்தது. திரையில் பாதியில் நின்ற படத்தின்மேல் சின்ன அம்பு முன்னும் பின்னும் உலாத்திக்கொண்டிருந்தது.

"அடப்பாவிகளா" என்றான் கொழுந்தன், கிட்டத்தட்ட மரியாதையோடு. "பஸ்ஸுல துண்டு போட்டு இடம் பிடிக்கறது கேள்விப்பட்டிருக்கேன். ஃபேன் போட்டு இடம் பிடிக்கறது இப்பதான் பாக்கறேன்."

"பத்து நிமிஷம் சும்மா இருந்தா இடம் போயிடும். மீட்டிங்குக்குப் போனாலும் மவுஸ் அசைஞ்சுட்டே இருந்தா போகாது."

"அப்ப நிக்கிற ஃபேன் எல்லாம்?"

"காலையில இடம் கிடைக்காதவங்களோடது."

வரைந்துகொண்டிருந்த மூவரில் காதில் பெரிய ஹெட்ஃபோன் மாட்டியிருந்த ஒருவர் இவர்களைப் பார்த்துவிட்டு, பார்க்காதது போலத் திரும்பிக்கொண்டார். அண்ணி நேராக அவரிடம் போய், காலி முக்காலியில் உட்கார்ந்தாள். ஹெட்ஃபோனை அவரே கழற்றினார்.

"நாங்க யாரையும் பிடிச்சுக்கொடுக்க வரலை. உங்க மேடத்துக்கு இன்னிக்குச் சாயங்காலம் வேலை போகப் போகுது, இந்த ஃபேனால. எதுக்கு இதெல்லாம்னு மட்டும் சொல்லுங்க."

அவர் முகம் வெளுத்தது. "மேடத்துக்கா? அவங்களுக்கு இதெல்லாம் தெரியவே தெரியாதுங்க. பின்வரிசைக்கு ஏசிக் காத்து வரலைன்னு சொல்லி வெச்சிருக்கோம்."

"எதுக்குன்னு கேட்டேன்."

"சோதனை ஆரம்பிச்ச அன்னிக்குப் பெரிய சார் வந்து பேசினார். 'வாங்கினதும் யார் யார் எவ்வளவு நேரம் உள்ள இருந்தாங்கன்னு பேரோட பாப்பேன், யார் தேவை யார் தேவையில்லைன்னு அப்பத் தெரிஞ்சுடும்'னார். சிரிச்சுட்டேதான் சொன்னார். நாங்க யாரும் சிரிக்கலை. படம் போடறவங்க பரவாயில்லை. நாள் பூரா மீட்டிங்ல உக்காந்து மத்த இலாகாக்காரங்களோட மல்லுக்கட்டறவங்க என்ன செய்வாங்க? அவங்க வேலை இதுல பதியாதே. யாருக்கோ ஃபோன்ல ஒரு வீடியோ வந்துச்சு, ஃபேன்ல நூல் கட்டற வீடியோ. ஒரே வாரத்துல எல்லா மேசைக்கும் வந்துடுச்சு."

திரும்பி நடக்கும்போது கொழுந்தனின் வாய் கொஞ்சம் அடங்கியிருந்தது. "இதை மேல போய்ச் சொன்னா மேடம் தப்பிச்சாங்க. கீழ இருக்கறவங்க அத்தனை பேரும் மாட்டினாங்க. ஒருத்தருக்குப் பதிலா ஒரு கூட்டம்."

"முதல்ல நிஜமா எத்தனை பேர் உள்ள இருக்காங்கன்னு பாத்துடுவோம். கம்ப்யூட்டருக்குத் தனி லைன், பேட்டரியில ஓடும். ஃபேனுக்கு அது கிடையாது."

அவனுக்கு அதற்கு மேல் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மாடிப்படி ஓரத்து மின்பலகை அறையில் இருந்த எலக்ட்ரீஷியனிடம் போய் என்ன கதை அளந்தானோ, கொஞ்ச நேரத்தில் நாலாவது மாடியின் விளக்குகள் அணைந்தன. ஆறு விசிறிகளும் தலையை ஆட்டியவாக்கில் அப்படியே நின்றன. கம்ப்யூட்டர்கள் ஒரு தடவை கீச்சென்றன, பிறகு வழக்கம்போல ஓடின. வரைந்தவர்கள் ஜன்னல் வெளிச்சத்தில் தொடர்ந்து வரைந்தார்கள்.

அண்ணி ஸ்கேல் மேடத்தின் பக்கத்தில் உட்கார்ந்தாள். "திரையை மட்டும் பாருங்க. இடம் வந்தாலும் உள்ள போயிடாதீங்க."

கொழுந்தனும் திரும்பி வந்து நிற்க, மூவரும் காத்திருந்தார்கள். பத்தில் பத்து. வெகுநேரம் அப்படியே இருந்தது. கொழுந்தன் கொட்டாவி விடப் போன நேரத்தில் பத்து ஒன்பதானது. பிறகு எட்டு. அதன் பிறகு பழுத்த பழம் மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக உதிர்ந்தது. ஏழு, ஆறு, ஐந்து.

ஸ்கேல் மேடத்துக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. இருட்டில் நின்ற விசிறிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அவளுக்கு முதலில் வந்தது நிம்மதி இல்லை, அவமானம். "ஒரு மாசமாவா? நான் பக்கத்துலயே உக்காந்து பென்சில்ல வரையறதை எல்லாரும் பாத்துட்டுதானே இருந்தாங்க?"

"பயந்தவங்களுக்குப் பக்கத்துல இருக்கறவங்க தெரிய மாட்டாங்க" என்றாள் அண்ணி. "இப்ப இதை நான் மேல போய்ச் சொல்லணும்."

"சொல்லுங்க. ஆனா யார் யார் மேசைன்னு சொல்லாதீங்க." அவள் குரலில் கோபம் இருந்தது. "நான் ஒண்ணும் பெரிய மனசுல சொல்லலை. அத்தனை பேரையும் கொடுத்துட்டு நான் தப்பிச்சா, நாளைக்கு யாரோட உக்காந்து வேலை பாக்கறது?"

திரையில் எண் நாலுக்கு வந்து நின்றது. அதற்குமேல் அசையவில்லை.

"அப்ப நாலு பேர்தான் உண்மை" என்றான் கொழுந்தன். "இந்த நாலு பேருக்கா இருபத்தஞ்சு..." பாதியில் நிறுத்திவிட்டு, வரைகிறவர்களை விரலால் எண்ணினான். "அண்ணி, இங்க மூணு பேர்தான் இருக்காங்க."

"தெரியுது."

"மீட்டிங் ரூம்ல இருந்து யாராவது?"

"அங்க யாரும் கம்ப்யூட்டர் எடுத்துட்டுப் போறதில்லை" என்றாள் ஸ்கேல் மேடம். "வேற மாடியில எங்க ஆள் யாரும் கிடையாது."

அண்ணி கண்ணை மூடிக்கொண்டாள். பார்த்தவர்கள் தூங்குகிறாள் என்றுதான் நினைத்திருப்பார்கள். இந்த மாடி பூரா மின்சாரம் இல்லை, ஆனாலும் ஒரு மவுஸ் எங்கேயோ அசைந்துகொண்டிருக்கிறது. கழுத்து வரை பொத்தான் மாட்டிய ஒரு கோட்டு அவள் நினைவுக்கு வந்தது. கூடவே, புகைப்படச் சட்டங்களுக்குப் பின்னால் யாருக்கும் காற்று வீசாத ஒன்றும் நினைவுக்கு வந்தது.

"நீ இங்கயே இரு" என்றாள் கொழுந்தனிடம், எழுந்துகொண்டே. "லைட்டைப் போடச் சொல்லிடு. இந்த எண்ணை மட்டும் பாத்துட்டே இரு. மாறினா உடனே எனக்கு ஃபோன் பண்ணு. நான் ஸ்பீக்கர்ல போட்டிருப்பேன், நக்கல் எதுவும் வேண்டாம். விஷயத்தை மட்டும் சொல்லு."

"நக்கல் இல்லாம எப்படி அண்ணி பேசறது?"

"கஷ்டம்தான். பழகிக்கோ."

பெரிய சார் அவளை எதிர்பார்த்துக்கொண்டிருந்தார். பழுப்பு உறை இருந்த இடத்திலேயே இருந்தது.

"ஒரு நிமிஷம் சார். எனக்குக் காத்து ஆகாது, மூட்டு வலி உயிர் போகுது" என்று சொல்லிக்கொண்டே அண்ணி நேராகப் போய் மேசை விசிறியை அணைத்தாள். பிறகுதான் உட்கார்ந்தாள்.

அவர் வாயைத் திறந்தார், மூடினார். மூட்டு வலிக்காரியிடம் விசிறியைப் போடச் சொல்ல எந்த மனிதனுக்கும் வாய் வராது. "பரவாயில்லை, பரவாயில்லை" என்றார், விசிறியைப் பார்த்தபடியே.

அண்ணி அவசரப்படாமல் சொல்ல ஆரம்பித்தாள். விசிறி, நூல், மவுஸ், குளிரில் ஆளில்லாத நாற்காலிகள், எல்லாவற்றையும் சொன்னாள். எதனால் என்பதை மட்டும் சொல்லாமல் வைத்துக்கொண்டாள். நடுவில் தேநீர் வந்தது. அதையும் ஆறவைத்துத்தான் குடித்தாள். இத்தனை வருட அனுபவத்தில் அவள் கற்ற உருப்படியான வித்தை, தேநீரை மெதுவாகக் குடிப்பது.

"ஆக, அந்த அம்மா செய்யலை. அவங்க ஆளுங்க செஞ்சிருக்காங்க" என்றார் பெரிய சார். முகத்தில் ரத்தம் ஏறியிருந்தது. "எனக்கு ஒவ்வொருத்தர் பேரும் வேணும்."

"பேர் தர மாட்டேன் சார்."

"அப்ப இந்தக் கடிதம் அவங்களுக்கே போகும். யாராவது ஒருத்தர் பதில் சொல்லித்தானே ஆகணும்? பொய்யா இடத்தைப் பிடிச்சு வெச்சுக் கம்பெனியை ஏமாத்தியிருக்காங்க. இது திருட்டு இல்லாம வேற என்ன?" அவர் கண் மறுபடி விசிறிப் பக்கம் போய் வந்தது. "உங்களுக்கு இப்ப மூட்டு பரவாயில்லையா?"

"இல்லை சார். இன்னும் கொஞ்ச நேரம் ஆகும்."

ஃபோன் அடித்தது. அண்ணி அதை மேசைமேல் பழுப்பு உறைக்குப் பக்கத்தில் வைத்து ஸ்பீக்கரைத் தட்டினாள்.

"அண்ணி, நாலு இப்ப மூணு ஆயிடுச்சு" என்றது கொழுந்தனின் குரல். ஒரு சின்ன இடைவெளி. "அவ்வளவுதான். வெச்சுடறேன்."

அண்ணி எழுந்து போய் சட்டங்களில் ஒன்றை நகர்த்தினாள். அதில் பெரிய சாரும் மனைவியும் மகனும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பின்னால் ஒரு மடிக்கணினி திறந்திருந்தது, கீழே ஒரு மவுஸ், அதன் வாலில் நூல். திரையில் பத்தில் மூன்று, மீண்டும் நுழையவும் என்று எழுத்து வந்திருந்தது.

"கீழ அத்தனை ஃபேனையும் நிறுத்தினோம் சார். எண்ணிக்கை மூணு வரணும். நாலுலயே நின்னுது. அந்த ஒண்ணு வேற மாடியிலதான் இருக்கணும்னு தெரிஞ்சுது."

பெரிய சார் கோட்டின் மேல் பொத்தானைக் கழற்றினார். ஒரு நிமிடத்தில் அவருக்கு வயது கூடிவிட்டாற்போல இருந்தது. "எனக்கு ஒரு கோடு கூடப் போட வராதும்மா" என்றார். "முதலாளியோட மருமகன் புதுசா வந்திருக்கார். 'நீங்க இதைப் பயன்படுத்தறீங்களா, பெரியவங்கதான் முதல்ல செஞ்சு காட்டணும்'னார். சிரிச்சுட்டேதான் சொன்னார். பையன் ஒரு வீடியோ அனுப்பியிருந்தான், தமாஷுக்கு. ஒரு இடம்தானேன்னு நினைச்சேன்."

"நீங்களும் கீழ அதேதான் சொல்லியிருக்கீங்க. சிரிச்சுட்டே."

எப்போது, யாரிடம் சொன்னோம் என்று தேடிப் பிடிக்க அவருக்கு நேரம் பிடித்தது. அது நினைவுக்கு வந்த கணம் முகத்திலேயே தெரிந்தது. அண்ணிக்கு அவர்மேல் கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது அலுப்புத்தான். மாடிக்கு மாடி ஒரே பயம், ஒரே நூல்.

"அறிக்கையில என்ன எழுதப் போறீங்க?"

"ஏசி அதிகம், விசிறி தேவையில்லை. உரிமம் ஆறு போதும். யார் உள்ள இருந்தாங்கங்கற கணக்கை வெச்சு யாரையும் அளக்கப் போறதில்லைன்னு நீங்க நாளைக்குக் காலையில அவங்க முன்னாடி நின்னு சொல்லணும். அவ்வளவுதான் எழுதப் போறேன்."

பெரிய சார் பழுப்பு உறையை எடுத்தார். அதை நாலாகக் கிழித்தார். துண்டுகளைக் குப்பைக் கூடையில் போடாமல் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

அண்ணி கீழே வந்தபோது விளக்குகள் எரிந்தன. மின்சாரம் வந்ததும் ஆறு விசிறிகளும் பழைய வேலையைத் தொடர்ந்துகொண்டிருந்தன, ஆனால் கைநழுவிய இடத்தைத் திரும்பப் பிடிக்க விசிறிக்குத் தெரியாது. ஸ்கேல் மேடம் அவளை நிமிர்ந்து பார்த்தாள். கேட்கத் தைரியம் இல்லாமல் பென்சிலைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள்.

"கடிதம் கிடையாது" என்றாள் அண்ணி. "இருபத்தஞ்சும் கிடையாது. ஆறுதான்."

அவள் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். கொழுந்தன் ஜன்னல் பக்கம் திரும்பி எதிர்க் கட்டடத்தை ரொம்ப அக்கறையாகப் பார்த்தான். கொஞ்ச நேரம் கழித்து அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "ஆறுன்னு அத்தானுக்கு நான்தான் சொல்லணும். அக்காவுக்கே ஃபோன் பண்றேன். எடுக்கறாளான்னு பாக்கணும்" என்றாள். பிறகு மவுஸைத் தொட்டாள். மூன்று நாலானது. ஒரு மாதத்தில் முதல் தடவையாக அவள் படம் அவளுக்குத் திறந்தது.

மீட்டிங் அறைக் கதவு திறந்து குழு திரும்பி வந்தது. பேசிக்கொண்டே வந்தவர்கள் மேசையை அடைந்ததும் ஒவ்வொருவராகப் பேச்சை நிறுத்தினார்கள். விசிறி ஓடுகிறது, உள்ளே இடம் போயிருக்கிறது, யாரோ இரண்டு பேர் கூடத்தில் நிற்கிறார்கள். ஒருவரை ஒருவர் பார்த்தார்கள், கடைசியில் எல்லோரும் ஓரத்து மேசையைப் பார்த்தார்கள்.

ஸ்கேல் மேடம் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கிடங்கிலிருந்து லாரிக்கு ஒரு கோட்டை நேராக இழுத்துக்கொண்டே, "ஃபேனை எல்லாம் எடுத்து ஓரமா வைங்க. குளிருது" என்றாள்.

ஹெட்ஃபோன்காரர்தான் முதலில் எழுந்தார். தன் விசிறியிலிருந்து நூலை அவிழ்த்துச் சுருட்டிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். அவரைப் பார்த்து மற்றவர்களும் குனிந்தார்கள். முடிச்சுகள் ஒரு மாதத்தில் இறுகிப்போயிருந்தன, சிலர் பல்லால் கடித்து அவிழ்க்க வேண்டியிருந்தது.

அண்ணி பக்கத்தில் கிடந்த காலி நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டினாள். பையில் ஃபோன் அதிர்ந்தது, சாப்பிட்டாளா என்று கேட்க வீட்டிலிருந்து. அதைக் கொழுந்தனிடம் நீட்டிவிட்டு அவள் கண்ணை மூடிக்கொண்டாள். யாரும் அவளிடம் எதுவும் கேட்கவில்லை.